கொல்லைப்புற மூலிகையும் கைவைத்தியமும்

வைத்தியரைத் தேடிப் போகும் முன் வீட்டிலேயே செய்து பார்க்கும் சிகிச்சைக்குக் கைவைத்தியம் என்று பெயர். சளி, இருமல், அஜீரணம், வயிற்றுப் பொருமல், சிராய்ப்பு, மூட்டு வலி, பிள்ளை பெற்றவளின் உடற்சோர்வு ஆகியவை அதன் களம். அதற்கான சரக்கு மூன்று இடங்களிலிருந்து வருகிறது. மிளகு, சீரகம், ஓமம், மஞ்சள், சுக்கு அடுக்களையின் அஞ்சறைப் பெட்டியில் இருப்பவை. திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், கடுக்காய், ஜாதிக்காய் நாட்டு மருந்துக் கடையில் வாங்குபவை. துளசி, கற்பூரவள்ளி, தூதுவளை, ஆடாதோடை, நொச்சி, பிரண்டை போன்றவை கொல்லைப்புறத்திலும் வேலியோரத்திலும் பறிப்பவை.

இது சித்த மருத்துவத்தோடு உறவுடையது. ஆனால் அதுவே அல்ல. சித்த மருத்துவத்தில் நாடி பார்ப்பதும், உலோகங்களையும் பாடாணங்களையும் சுத்தி செய்து பற்பம், செந்தூரம் ஆக்குவதும் உண்டு. அதற்குத் தனிப் படிப்பு இருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இயங்குகின்றன. கைவைத்தியமோ பச்சிலையோடும் கடைச்சரக்கோடும் நின்றுவிடும். அது பெரும்பாலும் பெண்கள் வழியாக, ஏட்டில் ஏறாமல், பார்த்தும் செய்தும் கைமாறி வந்த அறிவு. எந்த இலை, எவ்வளவு, எந்த வயதுக்கு, எத்தனை வேளை என்பதெல்லாம் அந்த அறிவுக்குள் அடக்கம். இரண்டு மூன்று வேளை கொடுத்தும் கேட்கவில்லை என்றால் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதும் அதற்குள் அடக்கம். இன்று இலைகளின் பட்டியல் மட்டும் பரவுகிறது. அளவும் எல்லையும் வழியில் உதிர்ந்துபோகின்றன. கைவைத்தியத்தைப் பற்றிப் பேசும்போது மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் அதுதான்.

வீட்டிலேயே வளர்ப்பதற்கு முதல் காரணம் செலவு மிச்சமாவது அல்ல, செடி இன்னதென்ற உறுதி. கடைக்கு வரும் மூலிகைகளில் பெரும்பகுதி காட்டிலும் தரிசிலும் சேகரிக்கப்படுபவை. பறிப்பவர், தரகர், மொத்த வியாபாரி என்று பல கை மாறிப் பொடியாக வந்து சேரும்போது, அது எந்தச் செடி, எந்தப் பாகம், எப்போது பறித்தது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மஞ்சள் தூளில் நிறத்துக்காக ஈய குரோமேட் கலக்கப்படுவது இந்தியாவிலும் வங்கதேசத்திலும் கண்டறியப்பட்ட உண்மை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வைகாசியில் ஒரு தொட்டியில் விரலி மஞ்சளை ஊன்றினால் தைக்குள் விளைந்துவிடும். அதை வேகவைத்து, காயவைத்து, இடித்துக்கொண்டால் அந்தக் கலப்படக் கவலை இல்லை.

பெயர்க் குழப்பம் கலப்படத்தைவிடப் பரவலானது. ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயரும், ஒரே பெயருக்கு இரண்டு மூன்று செடிகளும் உண்டு. நிலவேம்பைச் சிறியாநங்கை என்று அழைக்கும் ஊர்கள் பல. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நர்சரிகளில் விற்கப்படும் செடி பல நேரங்களில் அதுவே அல்ல. பூங்காக்களில் தரைமூடியாக வளர்க்கப்படும் வெளிநாட்டு அழகுச் செடி. இரண்டும் மஞ்சள் பூப் பூத்துத் தரையோடு படர்வதால், இலையின் வடிவத்தை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். வெளிநாட்டுச் செடியின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிளவுபட்டிருக்கும்; மருந்துச் செடியின் இலை நீண்டு, பிளவில்லாமல் இருக்கும். கீழாநெல்லிக்கும் இப்படிப் பல உறவுகள் உண்டு. முதல் செடியைச் சித்த மருத்துவக் கல்லூரி, வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் மூலிகைத் தோட்டத்திலிருந்தோ, செடியை நன்கறிந்த ஒருவரிடமிருந்தோ வாங்கிக்கொள்வது நல்லது. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அதன் வாரிசுகளையே வளர்க்கலாம்.

வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வீட்டு மூலிகைகளில் பல, களையாகவும் வேலியாகவும் பிழைத்துப் பழகியவை. கற்பூரவள்ளியில் ஒரு சாண் கிளையை ஒடித்து மண்ணில் செருகினால் சில வாரங்களில் வேர் பிடித்துவிடும். அதைக் கொல்வது பெரும்பாலும் அதிகத் தண்ணீர்தான். சதைப்பற்றான தண்டு ஈரத்தில் அழுகும். ஆடாதோடையையும் நொச்சியையும் போத்து நட்டு வளர்க்கலாம். ஆடாதோடையின் கசப்புக்கு அஞ்சி ஆடு வாய் வைக்காது என்பதால் அது உயிர்வேலிக்கு ஏற்றது, நொச்சியும் அப்படியே. பிரண்டைக்கு இரண்டு மூன்று கணு உள்ள துண்டு போதும், கைப்பிடிச் சுவரில் ஏற்றிவிட்டால் தண்ணீர் இல்லாமலும் கிடக்கும். தூதுவளை முள்கொடி, ஏறுவதற்குப் பந்தலோ வேலியோ கேட்கும். நடைபாதையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். முடக்கத்தானின் விதை கருமணி போல இருக்கும், அதில் இதய வடிவில் ஒரு வெள்ளைத் தடம் தெரியும். ஆடிப் பட்டத்தில் தூவிவிட்டால் மழையோடு முளைத்து வேலியை மூடிவிடும்.

துளசிக்கு நல்ல வெயில் வேண்டும். பலர் அதைக் கதிர் விட்டு முற்றவிட்டுவிடுகிறார்கள். விதை கட்டியதும் இலை சிறுத்துச் செடி காய ஆரம்பிக்கும். கதிரை அவ்வப்போது கிள்ளிவந்தால் பக்கக் கிளைகள் வெடித்துச் செடி புதராகும். வல்லாரையின் தேவை இதற்கு நேர்மாறு: நிழலும் ஓயாத ஈரமும். குழாயடியும் கிணற்றடியும் அதற்குப் பிடித்த இடங்கள். ஆனால் சாக்கடை ஓரத்து வல்லாரையைச் சாப்பிடக் கூடாது. ஈரத்தோடு மண்ணின் கனஉலோகங்களையும் கிருமிகளையும் சேர்த்தே அது எடுத்துக்கொள்ளும், பச்சையாகத் தின்னும் கீரை என்பதால் ஆபத்தும் அதிகம். பல ஊர்களில் கீரைக்காரர் கொண்டுவரும் வல்லாரை எங்கே பறித்தது என்பது தெரியாது. மாடித் தோட்டத்தில் அகலமான ஒரு தொட்டி வல்லாரை வைத்திருப்பதன் அருமை இதனால்தான்.

தொட்டிக்கு ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு தென்னைநார்க் கழிவு என்ற கலவை பொதுவாகப் போதும். கற்றாழைக்கும் கற்பூரவள்ளிக்கும் மணலைக் கூட்டிக்கொள்ளலாம். மாவுப்பூச்சியும் அசுவினியும் வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதும் வேப்பெண்ணெய்க் கரைசலும்தான் வழி. மருந்தாக உண்ணப் போகும் இலைக்கு இரசாயனப் பூச்சிக்கொல்லி அடித்தால் வீட்டில் வளர்த்ததன் பயனே போய்விடும். உரத்தை அள்ளிக் கொட்டுவதிலும் பலன் இல்லை. ஊட்டமாக வளர்ந்த செடியில் இலை பெருக்கும், ஆனால் மணமும் கசப்பும் குறையக்கூடும். மருந்தாவது அந்த மணமும் கசப்பும்தான்.

பறிக்கும் பருவம் செடிக்குச் செடி மாறும். நிலவேம்பு விதைத்து மூன்று நான்கு மாதத்தில் பூக்கத் தொடங்கும். அதன் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராபோலைடு அந்தச் சமயத்தில்தான் இலையில் மிகுந்திருக்கும். முற்றிக் காய்ந்த பிறகு அறுத்தால் குச்சிதான் மிஞ்சும். துளசியையும் கற்பூரவள்ளியையும் பனி உலர்ந்த பின், வெயில் ஏறுவதற்கு முன் பறித்தால் மணம் குன்றாது. இலைகளை நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நிறத்தோடு வாசனை எண்ணெயும் பறந்துவிடும். கையில் எடுத்தால் நொறுங்கும் பதத்துக்கு வராமல் டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். பூசணம் கண்டதைத் தட்டி உதறிவிட்டுப் பயன்படுத்துவது தவறு. சில பூசணங்களின் நஞ்சு ஈரலைத் தாக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. வீட்டில் செடி இருக்கும்போது உலர்த்திச் சேமிக்க வேண்டிய தேவையே பாதி இல்லை.

பறித்த இலை பல வடிவங்களில் மருந்தாகிறது. குடிநீர் எனப்படும் கஷாயத்துக்குச் சரக்கை ஒன்றிரண்டாக இடித்து, தண்ணீர் விட்டு, நான்கில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி வடிகட்ட வேண்டும். நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என ஒன்பது சரக்குகள் சேரும். கஷாயத்தை அன்றன்று காய்ச்சி அன்றே குடிக்க வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் கெட்டுவிடும். நொச்சி இலையோடு வேது பிடிப்பது மூக்கடைப்புக்கு இதம் தரும். அகன்ற பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இலையைப் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் அசையாமல் வைத்த பிறகே போர்வையைப் போர்த்திக்கொள்ள வேண்டும். சிறு குழந்தைக்கு வேது கூடாது. வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் மருத்துவமனைக்கு வருவது நம் நாட்டில் இன்னும் நிற்கவில்லை. பற்றுப் போடுவது, ஒற்றடம் கொடுப்பது, எண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பது எல்லாம் தோலோடு நிற்பவை என்பதால் ஆபத்துக் குறைந்தவை.

இவை எல்லாவற்றிலும் சிறந்தது உணவாக உண்பது. தூதுவளை ரசம், முடக்கத்தான் தோசை, வல்லாரைத் துவையல், கற்பூரவள்ளி பஜ்ஜி, யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துச் செய்யும் வல்லாரைச் சம்பல் ஆகியவற்றில் மூலிகை, கீரை உண்ணும் அளவிலேயே உடம்புக்குள் போகிறது. தலைமுறை தலைமுறையாகத் தின்று பார்த்த அளவு அது. பதம் செய்யும் முறையும் அதோடு சேர்ந்தே வந்திருக்கிறது. பிரண்டையில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கின்றன. பச்சையாகத் தொட்டாலே கை அரிக்கும். அதனால் இளங்கொடியாகப் பார்த்து ஒடித்து, கணுவைத் தள்ளி, ஓரத்து நாரை உரித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குகிறார்கள். பிறகு தாராளமாக எண்ணெய் விட்டு, பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகும்வரை பொறுமையாக வதக்கி, உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாயோடு புளியும் கூட்டி அரைக்கிறார்கள். வதக்கல் குறைந்தாலும் புளி குறைந்தாலும் நாக்கும் தொண்டையும் நமநமக்கும். இந்தச் சமையல் குறிப்பை விட்டுவிட்டு எலும்புக்கு நல்லது என்ற செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டு பச்சைச் சாறாக அடித்துக் குடிப்பவர்கள் இன்று இருக்கிறார்கள். மரபு சொல்லாத ஒன்றை மரபின் பெயரால் செய்வது அது.

இந்த இலைகள் உண்மையில் வேலை செய்கின்றனவா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை ஆராய்ந்து அதன் வழியில் செயற்கையாக உருவாக்கப்பட்டதுதான் புரோம்ஹெக்ஸின். அது உடலில் மாறி உருவாகும் பொருள் அம்ப்ராக்சால். மருந்துக் கடையில் வாங்கும் இருமல் சிரப்புகள் பலவற்றில் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். கற்பூரவள்ளியின் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால், தைமால் ஆகியவை கிருமிகளைத் தடுப்பதை ஆய்வுக்கூடங்கள் காட்டியுள்ளன. ஆய்வுக்கூடத் தட்டில் கிருமி சாவதும் மனித உடம்பில் நோய் குணமாவதும் வேறு வேறு. சாதாரணச் சளி எப்படியும் ஒரு வாரத்தில் தானாகவே தணிவதால், வீட்டுக் கஷாயத்தின் பங்கு எவ்வளவு என்று அளப்பதும் கடினம். தொண்டைக்கு இதமும் உடம்புக்கு நீரும் தூக்கமும் கிடைக்கின்றன என்பது வரை ஐயமில்லை.

கீழாநெல்லியின் கதை இந்தக் கேள்வியின் சிக்கலை முழுமையாகக் காட்டுகிறது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது தமிழகம் முழுதும் அறிந்த வைத்தியம். ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனோடு சேர்ந்து இந்தச் செடியை ஆராய்ந்தார். 1988இல் 'லான்செட்' இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. கீழாநெல்லிப் பொடி உட்கொண்ட ஹெபடைட்டிஸ் பி கிருமி தாங்கிகளில் 59 சதவீதம் பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களில் அது 4 சதவீதம் மட்டுமே. ஆனால் தொடர்ந்து தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்யப்பட்ட சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி விளைந்த மண், பறித்த பருவம், நோயாளியின் உடல்நிலை, கிருமி உடலில் தங்கியிருந்த காலம் எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. எதுவும் முடிவாக நிறுவப்படவில்லை. கீழாநெல்லி பயனற்றது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஹெபடைட்டிஸ் பி நோயைக் கீழாநெல்லி குணப்படுத்தும் என்றும் சொல்ல முடியாது. காமாலை என்பது ஒரே நோயும் அல்ல. கெட்ட தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலோருக்குத் தானாகவே ஆறிவிடும். கீழாநெல்லிக்குக் கிடைத்த பெயரில் ஒரு பங்கு அந்த இயற்கை ஆற்றலுக்குரியது. பித்தப்பைக் கல்லாலோ புற்றாலோ வரும் காமாலையில், பத்தியம் இருந்து காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் உயிருக்கு ஆபத்து.

2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. 2020இல் கொரோனா காலத்தில் பதினைந்து சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீர் வீதிதோறும் கொடுக்கப்பட்டது. ஆனால் டெங்குவில் உயிரைக் காப்பது உடம்பில் நீர்ச்சத்தைச் சரியாக வைத்திருப்பதும், காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில் உடனிருந்து கவனிப்பதும்தான். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதி கொள்ளும் நேரத்தில்தான் இரத்த நாளங்கள் கசியத் தொடங்கும். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், உடல் சில்லிட்டு அசந்துபோதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் குடிநீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது.

கைவைத்திய அறிவின் உரிமையைப் பற்றியும் ஒரு சொல். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம், இது பழைய நூல்களிலேயே உள்ள வழக்கம் என்று சான்று காட்டி வாதாடியதில் 1997இல் அது ரத்தானது. வேம்பு சார்ந்த பூஞ்சைக்கொல்லிக்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமையும் பின்னர் நீக்கப்பட்டது. இந்த அனுபவத்திலிருந்து உருவான மரபறிவு மின்னூலகத்தில் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களும் சேர்க்கப்பட்டுள்ளன. எழுதப்பட்டவை இப்படிக் காக்கப்படுகின்றன. வாய்மொழியாக மட்டும் வாழும் வீட்டு வைத்தியம் பதிவாக வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

இயற்கையானது எல்லாம் தீங்கற்றது என்ற நினைப்பைத் தமிழகத்தின் வேலிகளே மறுக்கும். மாநில மலரான செங்காந்தள் மூலனூர், வேதாரண்யம் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடப்படுகிறது. அதிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் கீல்வாதத்துக்கு மருந்து. அதே செடியின் கிழங்கை உண்ணும் கிழங்கென்று தவறாகத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். அரளி விதையும் ஊமத்தங்காயும் அப்படியே. வாசலில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியைச் சர்க்கரை நோய்க்கு மெல்லும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. 1950களில் கனடாவில் அந்த நம்பிக்கையைச் சோதிக்கப் போனவர்கள், அது வெள்ளை அணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள்; புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் அப்படித்தான் கிடைத்தது. புற்றணுவைக் கொல்லும் வீரியமுள்ள இலை, வெறும் வயிற்றில் தினம் மெல்வதற்கானது அல்ல. சோற்றுக்கற்றாழையின் வெள்ளைச் சோறு வேறு, தோலை அடுத்துக் கசியும் மஞ்சள் பால் வேறு. பின்னது கடுமையாகப் பேதியாக்கும். மடலை வெட்டி நிறுத்திப் பாலை வடியவிட்டு, சோற்றைப் பலமுறை கழுவும் வழக்கம் அதற்காகவே. சீந்தில் கொடியைக் கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் உட்கொண்ட சிலருக்கு ஈரல் பாதிப்பு நேர்ந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தனர். ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை ஏற்கவில்லை. என்றாலும் ஈரல் நோய் உள்ளவர்கள் அதைத் தாமாகத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

கைக்குழந்தைக்குக் கைவைத்தியம் மிகக் குறைவாகவே பொருந்தும். மலேசியாவில் சிறு குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதால் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் 1981இல் பதிவாயின. பிள்ளை வளர்ப்பான் என்று பெயரெடுத்த வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் உள்ளது. அமெரிக்கா 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. சுட்ட வசம்பை உரசி நாக்கில் தடவுவதைக் கைவிடுவதே நல்லது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். கற்பூரமும் தைலமும் மூக்கருகே தடவினாலே சில குழந்தைகளுக்கு வலிப்பு வரும். கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

அன்றாடம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வேறொரு கவலை. அதிமதுரத்தைத் தொடர்ந்து உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் மஞ்சள், பூண்டு, இஞ்சி ஆகியவற்றை மருந்தளவில் சேர்த்தால் இரத்தக்கசிவு கூடக்கூடும். குழம்பில் போடும் அளவுக்குத் தடையில்லை. வேப்பிலைச் சாறும் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். அறுவை சிகிச்சைக்குப் போகும்போது வீட்டில் குடிக்கும் கஷாயத்தின் பெயரை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவரும் அதைக் கேட்டுக் கோபப்படாமல் குறித்துக்கொள்ள வேண்டும். திட்டு விழுமோ என்ற பயத்தில்தான் பலர் சொல்லாமல் விடுகிறார்கள்.

பாம்புக்கடியில் கைவைத்தியத்துக்கு இடமே இல்லை. சிறியாநங்கையை நட்டால் பாம்பு அண்டாது என்றும், இலையைத் தின்றால் விஷம் ஏறாது என்றும் நம்புகிறவர்கள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். கசப்பு தெரிகிறதா என்று இலையை மென்று பார்த்து நேரம் கடத்துவதில் உயிர் போகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராகச் செயல்படும் விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. அதைத் தயாரிக்கத் தேவையான நஞ்சைச் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. மூலிகைகளையும் பாம்புகளையும் ஒருங்கே நன்கறிந்த இருளர்களின் உழைப்பில் உருவாகும் அந்த ஊசிதான் பாம்புக்கடிக்கு உரிய மருந்து. கடிபட்டவரை அசையவிடாமல், கீறாமல், கட்டாமல், அதைப் போடும் மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும்.